போட்டோவில் இருக்கிற கறுப்பு

அநியாயம் நடந்தது எனக்கு; செய்தது ஒரு ஸ்டாம்ப் சைஸ் போட்டோ. மனுவை இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று நேற்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன், ஆனால் மனு எழுதவில்லை, எழுத வேண்டிய கையில் இப்போது பாலித்தீன் உறை, உறைக்குள் வேர்வை, உறைக்கு வெளியே களிம்பு. டியூபிலிருந்து வரும்போது வெண்ணெய் மாதிரி வெள்ளையாகத்தான் வருகிறது, கிண்ணத்தில் குழைத்துக் கொஞ்ச நேரம் காற்றுப் பட்டதும் ஓரத்திலிருந்து கறுக்கிறது, கெட்டுப்போகிற பழம் மாதிரி. வாடை கண்ணைக் கரிக்கிறது. அழவில்லை, அமோனியா, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாஷ்பேசின் கண்ணாடிக்கு முன்னால் பழைய நைட்டியில் நிற்கிறேன், மணி ஐந்தே முக்கால், நாளைதான் யுனிவர்சிட்டியில் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கடைசி நாள், காலை பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும், அதற்குள் இந்தத் தலை அந்தப் போட்டோ மாதிரி ஆகிவிட வேண்டும். ஆகவில்லையென்றால் முனைவர் பட்ட ஆய்வுக்குக் கிடைத்த இடம் போய்விடும், அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள், காத்திருப்புப் பட்டியலில் ஆள் இருக்கிறது என்று அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார் சான்றிதழ் சரிபார்க்கிற அந்த மனுஷன். போட்டோ தலை மாதிரி இருக்க வேண்டுமா, தலை போட்டோ மாதிரி இருக்க வேண்டுமா? பேச்சுப் போட்டியில் யாராவது இந்தத் தலைப்பைக் கொடுத்திருந்தால், இதில் எதிரணி என்று ஒன்று இருக்க முடியுமா என்று கேட்டு மேடையிலிருந்து இறங்கியிருப்பேன். இருக்கிறது. எதிரணிக்கு ஒரு மேஜை, ஒரு ரப்பர் ஸ்டாம்ப், கழுத்தில் ஒரு அடையாள அட்டை. அந்த மேஜைக்கு முன்னால் நேற்று நாற்பது நிமிஷம் நின்றேன். அவர் விண்ணப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி விண்ணப்பத்தைப் பார்த்தார். “போட்டோல முழுக்கக் கறுப்பு. உனக்கு இங்க நெத்திக்கு மேல பட்டையா வெள்ளை. இது நீதானா?” என்றார். “போன வருஷம் இங்க ஆள் மாறாட்டக் கேஸு ஒண்ணு ஆச்சு, தெரியும்ல? டேலி ஆகாம நான் கையெழுத்துப் போட முடியாது.” பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டைக் காட்டினேன், அதிலும் கறுப்பு. பன்னிரண்டாம் வகுப்பு, கறுப்பு. கல்லூரி அடையாள அட்டை, வாக்காளர் அட்டை, எல்லாம் கறுப்பு, ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க நானே எனக்கு எதிராகச் சாட்சி அடுக்குகிற மாதிரி இருந்தது. அரசாங்கத்தின் எந்தத் தாளிலும் என் வெள்ளை முடி இல்லை. “டை அடிச்சிட்டு வாம்மா, அரை மணி நேர வேலை, இதுக்குப் போயி,” என்றார். அவர் தலை முழுக்க டை. மீசையில் டை. காதோரம் தோலிலும் டை. இது நீதானா என்று கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை, அதுதான் முள் மாதிரி நிற்கிறது, எட்டுக் கோப்பை வாங்கியவள், எதிரில் யார் வாயைத் திறந்தாலும் மறுப்புத் தெரிவிக்கிறவள், ஆமாம் சார் நான்தான் என்று மூன்று வார்த்தை வரவில்லை. போட்டோவைப் பார்த்தேன். அதில் இருந்தவள் என்னைவிட நன்றாகத்தான் இருந்தாள்.

பின் கழுத்திலிருந்து ஆரம்பித்தேன், பிறகு காதோரம், உச்சி, வலது பக்கம். வெள்ளையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். வெள்ளையை மறைக்கத்தானே எல்லாம், அதை முதலில் முடித்தால் என்ன? சாப்பாட்டில் கசப்பைக் கடைசிக்கு ஒதுக்குகிற மாதிரியா, இனிப்பை ஒதுக்குகிற மாதிரியா, தெரியவில்லை. வெள்ளையை மட்டும் கறுப்பாக்கினால் போதாது என்பது காலையில் கடையில்தான் புரிந்தது. என் மற்ற முடி கறுப்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், வெயிலில் பார்த்தால் செம்பட்டை. ஃபேன்ஸி ஸ்டோர் அக்கா ஒரு அட்டையை விரித்தாள், குட்டிக் குட்டியாகப் பத்துக் கத்தை முடி ஒட்டின அட்டை, நேச்சுரல் பிளாக், டார்க் பிரவுன், பர்கண்டி, பார்க்க ஏதோ பத்துப் பிராணிகளின் வால் மாதிரி. “அம்மாவுக்கா?” என்றாள். “இல்ல.” “யாருக்கு, கலர் பாத்துத் தரணும்ல?” பர்சிலிருந்து ஸ்டாம்ப் சைஸ் போட்டோவை எடுத்து அட்டைமேல் வைத்தேன். “இந்தப் போட்டோவுக்கு,” என்றேன். அவள் சிரிக்கவில்லை, நல்ல மனுஷி, கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு போட்டோவை ஒவ்வொரு வாலுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “இது மனுஷ முடிக் கறுப்பு இல்லையேம்மா, தார் மாதிரி இருக்கு,” என்றாள். அந்தத் தார்தான் இப்போது என் தலையில் இருக்கிறது. கறுப்பாக இருந்ததை எல்லாம் இன்னும் கறுப்பாக்கிக்கொண்டிருக்கிறேன், ஒரு கைப்பிடி வெள்ளைக்காக ஒரு தலை முடி சமாதானம் சொல்கிறது. டப்பாவில் பெர்மனென்ட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. எது பெர்மனென்ட்? மூன்று வாரத்தில் வேரில் வெள்ளை எட்டிப் பார்க்கும், மறுபடி டப்பா, மறுபடி கிண்ணம், ஐந்து வருஷ ஆராய்ச்சி, சரிபார்ப்பு என்று கூப்பிடும்போதெல்லாம் இந்த நைட்டி, இந்தக் கண்ணாடி. பெர்மனென்டாக இருப்பது அந்த வெள்ளை ஒன்றுதான், அது யாரிடமும் டப்பா கேட்டதில்லை. காதுக்குப் பின்னால் அரிக்கிறது. கொஞ்சம் தடவி நாற்பத்தெட்டு மணி நேரம் பார்க்க வேண்டும் என்று மடித்து மடித்து வைத்த தாளில் எழுதியிருந்தது, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு நான் எங்கே போவேன், காலை பதினொன்றுக்குத் தடவினேன், ஏழு மணி நேரம்கூட ஆகவில்லை. மருந்து அரிக்கிறதா, கோபம் அரிக்கிறதா. தாளில் படம் போட்டிருக்கிறான், வீங்கின கண், வீங்கின உதடு. நாளைக்குக் காலையில் என் முகம் இட்லி மாதிரி உப்பிவிட்டால்? முடி டேலி ஆகுது, மூஞ்சி டேலி ஆகலையே என்பார். அப்போது மூஞ்சிக்கு என்ன அடிப்பது?

கோபத்தை ஒழுங்காக அடுக்க வேண்டும், இல்லையென்றால் சிந்திப்போகும். முதலில் அந்த மேஜைக்காரர்மேல். பிறகு சவரிமுத்து அண்ணன்மேல். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிற சவரிமுத்து அண்ணன்தான் இந்த ஊரில் பாதிப்பேர் முகத்துக்குப் பொறுப்பு. மச்சத்தை எடுப்பார், பருவை எடுப்பார், கேட்காமலே இரண்டு சுற்று வெளுப்பாக்குவார், கோட்டு இல்லாதவனுக்குக் கோட்டு மாட்டுவார். காலையில் டப்பா வாங்கின கையோடு மாடி ஏறினேன். “அண்ணே, என் முடிய யாரக் கேட்டுக் கறுப்பாக்குனீங்க?” என்று படியிலிருந்தே ஆரம்பித்துவிட்டேன். உள்ளே ஒரு குடும்பம் குழந்தைக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தது, திரும்பிப் பார்த்தது. அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், “என்ன வல்லி, நல்லாத்தானே இருக்கு,” என்றார். “நல்லா இருக்கணும்னு நான் கேட்டேனா? நானா இருக்கணும்னுதானே போட்டோ எடுக்க வந்தேன்?” என்றேன். அப்போது அவர் சொன்னார். அவர் சொன்னதைச் சொல்வதற்கு முன்னால் இடது காதோரம் விட்டுப்போன இடத்தைப் பூசிக்கொள்கிறேன். சீப்பால் பிரித்து, பிரஷ்ஷால் வேர்வரைக்கும். குளிர்ச்சியாக இருக்கிறது, அப்புறம் சூடாகிறது. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ நாளன்று அம்மா என்னை இப்படித்தான் நிற்கவைத்து, கண்மை டப்பாவில் விரலை விட்டு வெள்ளையில் தேய்ப்பாள், நிற்கிற வெயிலில் மை உருகி நெற்றியில் ஒரு கோடு இறங்கும், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை எல்லா குரூப் போட்டோவிலும் எனக்கு நெற்றியில் ஒரு கறுப்பு ஓடை. சுண்ணாம்பு என்று கூப்பிட்டார்கள். காக்கா எச்சம் என்று ஒருத்தி கூப்பிட்டாள், அவளை ஸ்கேலால் அடித்தேன். கல்லூரியில் முதல் நாளே ஒழுங்கு நடவடிக்கைக் குழு மேடம் கேட்டில் நிறுத்தி, முடிக்கு வெள்ளைக் கலர் அடித்துக்கொண்டு வந்திருக்கிறாய், இது என்ன சினிமாவா என்றார். பள்ளியில் பிறவியை மறைக்கக் கலர், கல்லூரியில் பிறவியே கலர். அப்போதெல்லாம் பேசினேன். மேடத்திடம் பத்து நிமிஷம் பேசினேன், மேடமே போதும்மா போ என்றார். நேற்று ஏன் வாய் வரவில்லை என்று இப்போது தெரிகிறது, நேற்று எதிரில் இருந்தது அவர் இல்லை, அந்த ஐந்து போட்டோ, ஐந்தும் ஒரே மாதிரி கறுப்பு, தற்செயலாக ஒருத்தன் ஒரு தடவை கை வைத்த கறுப்பு இல்லை, யாரோ வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்த கறுப்பு. ஸ்டாம்ப் சைஸில் தெரியாது, பிரின்ட் சரியில்லை, லைட் அப்படி என்று நானும் விட்டிருக்கிறேன். இல்லை. விட்டிருந்தேன் என்பது பொய். பார்த்திருக்கிறேன், பிடித்திருந்தது. சரி, அதுவும் மனுவில் சேரட்டும்.

சவரிமுத்து அண்ணன் சொன்னது இதுதான்: “உங்கம்மா சொல்லிட்டுப் போனதும்மா. நீ பத்தாவது படிக்கப்ப. பாப்பா போட்டோ எப்ப எடுக்க வந்தாலும் முன்னால கறுப்பாக்கிருங்க, அவகிட்டச் சொல்லாதீங்கன்னாங்க. நீ வந்தாலே என் கை தன்னால அங்க போயிரும்.” என் அம்மா. எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் பரிசோதகர் கோமதி, பாலில் ஒரு டம்ளர் தண்ணீர் கலந்திருந்தால் லாக்டோமீட்டரை விடுவதற்கு முன்னாலேயே கேனைச் சாய்த்த விதத்தில் கண்டுபிடிப்பவள், சொந்தக்காரன் பால் என்றாலும் திருப்பி அனுப்புபவள். அவள் என்னில் கலப்படம் செய்திருக்கிறாள். பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் ஒரு டை டப்பா இருந்ததைப் போன மாதம் பார்த்தேன், தனக்கு வாங்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன், இன்று எடுத்துப் பார்த்தால் பிரிக்கவே இல்லை, செய்து மூன்று வருஷம், காலாவதியாகி ஒரு வருஷம். எனக்குத்தான். என்றைக்காவது நானே கேட்பேன் என்று மூன்று வருஷமாகக் காத்திருக்கிறது டப்பா. நேற்று வந்து விஷயத்தைச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன், பதறினாள், பிறகு, “அடிச்சிட்டுத்தான் போயேன்,” என்றாள், அந்தப் போயேனில் ஒரு மூச்சு இறங்கியது, நான் பார்த்தேன், சுமை இறக்குகிறவளின் மூச்சு. ஏன் என்று எனக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்ததால்தான் இன்னும் கோபம். நான் வயிற்றில் இருக்கும்போது ஒரு சாயங்காலம் சூரிய கிரகணம். வயிற்றுப்பிள்ளைக்காரி வெளியே போகக்கூடாது, எதையும் நறுக்கக்கூடாது, படுத்துக்கொள்ள வேண்டும் என்று அப்பாவின் அக்கா ஆவுடை அத்தை கதவை அடைத்து வைத்திருந்தாளாம். சாயங்காலப் பால் எடுக்கிற நேரம். அம்மா பின் கதவைத் திறந்துகொண்டு சொசைட்டிக்குப் போய்விட்டாள். நான் பிறந்தேன், தலையில் வெள்ளையோடு. அன்றிலிருந்து என் தலை அத்தையின் சாட்சி. காதுகுத்தில், சடங்கில், யார் வீட்டுக் கல்யாணத்திலும், ஏதாவது ஒரு புது ஆள் என் தலையைப் பார்த்துவிட்டால் போதும், “அது கிரகணத்துல வெளிய போன வெனை,” என்பாள், அம்மா, “ஆமா மைனி,” என்பாள். அப்பா ஒன்று லாரியில் இருப்பார், இல்லையென்றால் டி.வி. முன்னால் இருப்பார். அந்த ஆமா மைனியைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான், அதனால்தான் எதற்கெடுத்தாலும் இல்லை என்கிறேன் போலிருக்கிறது. டாக்டர் சொல்லியிருக்கிறார், பிறவியிலேயே அந்த இடத்தில் நிறம் இல்லை, அவ்வளவுதான், கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று. சொல்லி என்ன? அம்மா அழித்தது என் முடியை இல்லை, தன்மேல் எழுதின தீர்ப்பை. அழிக்கட்டும். ஆனால் என் தலையிலா அழிப்பது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்?

கேட் சத்தம். ஆறரை இன்னும் ஆகவில்லை, அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள். செருப்பை விடும்போதே, “ஏட்டி, ஆரம்பிச்சிட்டியா? நான் வாரேன்னு சொன்னேன்ல,” என்றாள், உடம்பில் பால் வாடை, வந்த வேகத்தில் முந்தானையைச் சொருகிக்கொண்டு இன்னொரு ஜோடி உறையை மாட்டி என் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கினாள். “முன்னாடி விட்டுட்டியே.” “கடைசிக்கு வச்சிருக்கேன்.” “இதுக்குத்தானே எல்லாம், இத மொதல்ல அடிக்காம—” “சவரிமுத்து அண்ணனப் பாத்தேன்,” என்றேன், கண்ணாடியைப் பார்த்தே. கண்ணாடியில் அவள் கை நின்றது. பிரஷ் நுனியில் களிம்பு கறுத்துக்கொண்டிருந்தது. என்னிடம் எல்லாம் தயாராக இருந்தது, காலையிலிருந்து அடுக்கி வைத்த எல்லாம், கேன், லாக்டோமீட்டர், கலப்படம், நீதி, பத்து வருஷம், ஐந்து போட்டோ. வந்தது ஒன்றுதான். “நேத்து அந்த ஆளு இது நீதானான்னு கேட்டாரும்மா. எனக்குப் பதில் தெரியல.” அவள் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிப் பார்த்தாள். “செவந்திருக்கு, வல்லி.” “செவக்கட்டும்.” “அரிக்குதா?” “அரிக்குது.” நெற்றியோரம் நான் தேய்த்திருந்த தேங்காய் எண்ணெயை மணிக்கட்டால் சரிசெய்தாள், கண்மை தேய்த்த காலத்தில் நின்ற அதே தூரத்தில் நின்றாள், இப்போது நான் உயரம், அவள் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் முகத்தில் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தால் மன்னிக்கக்கூடாது என்றுகூடத் தீர்மானித்தேன். வரவில்லை. ஒரு பாலைச் சந்தேகப்படும்போது பார்ப்பாளே, அப்படி வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சுற்றிலும் தார் மாதிரிக் கறுப்பு, நடுவில் முன்னைவிட வெள்ளையாக வெள்ளை.

அப்போதுதான் அவள் போன் அடித்தது, வாஷிங் மெஷின்மேல் வைத்திருந்தாள், திரையில் ஆவுடை மைனி. உறைக்கையோடு எடுக்க முடியாமல் கைமுட்டியால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். “கோமதி, பிள்ளைக்கு யுனிவர்சிட்டில எடம் இல்லன்னுட்டானாமே? முடியப் பாத்துட்டு?” அத்தையின் குரலுக்குப் பின்னால் குக்கர் சத்தம். “இல்லன்னு சொல்லல மைனி. போட்டோ ஒத்துவரலைன்னுருக்காங்க.” “அதான், கலர் அடிச்சு அனுப்பு. பெறகு மாப்பிள்ள பாக்கப்பவும் ஆகும். அன்னைக்கு நான் சொன்னதக் கேட்டிருந்தா இன்னைக்கு அந்தப் பிள்ள தலையில மையப் பூசிக்கிட்டு நிக்குமா? படிச்சுப் படிச்சுச் சொன்னேன், வெளிய போகாதன்னு.” நான் அம்மாவைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்தேன். ஆமா மைனி வரும். எத்தனையோ தடவை வந்திருக்கிறது, வருகிற நேரம்கூட எனக்குத் தெரியும், அத்தை மூச்சு வாங்குகிற இடத்தில் வரும். அத்தை மூச்சு வாங்கினாள். அம்மா பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்தாள். வலது கை உறையை விரல் விரலாகக் கழற்றினாள், பிறகு இடது கை உறை, இரண்டையும் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வாளித் தண்ணீரில் கையை முக்கி எடுத்தாள். “ஏட்டி, லைன்ல இருக்கியா?” என்றது போன். “இருக்கேன் மைனி,” என்றாள் அம்மா. “முன்னாடி அடிக்கல. இப்பக் கழுவி விடப்போறேன், அவளுக்குக் காது செவந்திருக்கு. நாளைக்கு நானும் அவகூடப் போறேன். போட்டோவ மாத்தச் சொன்னது நான், என் மகளுக்குத் தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கப்போறேன். சவரிமுத்தையும் கூட்டிட்டுப் போறேன், அவன் வந்து பேசட்டும். அதுக்கப்புறம் ஒத்துக்கலன்னா பெரிய ஆபீசரப் பாப்போம்.” “என்னட்டி பேச்செல்லாம் ஒரு மாதிரி இருக்கு? செஞ்ச தப்பு இல்லன்னு ஆயிருமா? கிரகணத்துல வெளிய போனியா இல்லையா?”

என் உச்சந்தலையில் சொம்புத் தண்ணீர் விழுந்தது, குளிர்ந்து, கறுப்பாக, கண்ணைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி. ஒரு கை முன் முடியை மட்டும் நனையாமல் மேலே தூக்கிப் பிடித்திருந்தது. “போனேன் மைனி,” என்று என் தலைக்கு மேலே அம்மாவின் குரல் கேட்டது. “ஊரே பாலக் கறந்து வச்சுக்கிட்டு வாசல்ல நின்னுச்சு. மாடு கிரகணம் பாத்தா கறக்கும்? எல்லாப் பாலையும் அளந்து முடிச்சிட்டு வெளிய வந்தேன். கேன் கழுவ அண்டால தண்ணி வச்சிருந்தோம். அதுல சூரியன் தெரிஞ்சுச்சு, ஒரு ஓரத்த யாரோ கடிச்சு எடுத்த மாதிரி. வயித்தப் பிடிச்சுக்கிட்டு, அது விடுறவரைக்கும் நின்னு பாத்தேன். இத்தன வருசமா யார்ட்டயும் சொல்லல. நல்லா இருந்துச்சு மைனி.”